மண்ணில்லாத வீடு

சிக்கந்தராபாத் கன்டோன்மென்ட்டின் திருமுல்கேரியில் பழைய பங்களா ஒன்று விலைக்கு வந்தால் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கட்டட மதிப்பீட்டாளன். மற்ற ஊர்களில் இந்த வேலை செய்கிறவர் முதலில் மனையைத்தான் அளப்பார். வீடு பழசாக இருந்தால் அதை இடிக்க ஆகும் செலவைக்கூடக் கழித்துக்கொள்வார். இங்கே தலைகீழ். இரண்டு ஏக்கர் கம்பவுண்டு, கிணறு, மாமரங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் என் கணக்கில் வருவது சுவரும் உத்தரமும் ஓடும் கதவும் மட்டும். மண் அரசாங்கத்துடையது, ராணுவ நிலப் பதிவேட்டில் பி-3 என்று இருக்கும். பேச்சில் 'ஓல்ட் கிராண்ட்'.

சென்ற வருடம் ஐதராபாத்தின் மாதாப்பூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நல்ல சம்பளக்காரர். கம்பவுண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஏரியால கஜம் என்ன ரேட்?" என்றார்.

"தம்பி, இங்க கஜத்துக்கு ரேட்டே இல்ல. வீட்டுக்குத்தான்."

இங்கிலாந்தின் சந்தை ஊர்களில் இருநூறு வருட வீட்டை விற்கும் விளம்பரங்களை இணையத்தில் எனக்குக் காட்டினார். அங்கேயும் பழைய வீட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏறிய வீடாக இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும். ஆனால் வீட்டை வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் அதன் அடியிலிருக்கும் மண்ணும் சேர்ந்து வந்துவிடும். இங்கே அந்த இரண்டையும் பிரித்து வைத்தது அதே ஆங்கிலேயர்கள்தான்.

1798இல் ஐதராபாத்தின் நிஜாம் அலி கானுடன் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த ஒப்பந்தத்தின்படி அதன் படை ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் போட்டது. 1806இல் அந்த இடத்துக்கு அப்போதைய நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் சிக்கந்தராபாத் என்று பேர். கம்பெனி தன் அதிகாரிகளுக்கு வீடு கட்டித் தரவில்லை. இடம் தந்தது, நீயே கட்டிக்கொள் என்றது. அதிகாரி கட்டுவான், இருந்துவிட்டு மாற்றலில் போவான், அடுத்து வருகிறவனுக்கு விற்பான். வாங்க ஆள் இல்லாவிட்டால் கடைக்காரர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் போய்ச் சேரும். ராணுவத்துக்கு இது உறுத்தியது. 1836இல் வங்காளப் படைக்கு கவர்னர் ஜெனரல் 179ஆம் எண் ஆணையைப் போட்டார். இடம் எப்போதும் அரசாங்கத்துடையது, அதை விற்க முடியாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கட்டடத்துக்கு உரிய மதிப்பைத் தந்து, அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். படைக்கு வெளியே உள்ளவருக்கு வீட்டை விற்க அனுமதி வேண்டும். சென்னை, பம்பாய் மாகாணப் படைகளுக்கும் இதே வகையான விதிகள் இருந்தன. சிக்கந்தராபாத்தில் இருந்தது சென்னைப் படை.

அந்தப் படையோடு வந்தவர்கள்தான் சிக்கந்தராபாத் தமிழர்களான எங்கள் முன்னோர்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள், பின்னாலேயே முதலியார் கான்ட்ராக்டர்கள். சோமசுந்தரம் முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளிதான் மகபூப் கல்லூரி. 1893 பிப்ரவரியில், சிகாகோ போவதற்கு முன்னால், விவேகானந்தர் பேசியது அங்கேதான். என் கொள்ளுத்தாத்தா அந்த உயரத்தில் இல்லை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் சப்ளை செய்தவர். பங்களா எதுவும் வாங்கவில்லை. அதுவும் நல்லதுதான், இன்று நான் யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் விலை போட முடிகிறது.

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தனியாக, பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று ஆங்கிலேயர்களுக்குத் தோன்றியது. திருமுல்கேரியில் அகழி வெட்டினார்கள், பாரக்குகள் எழுந்தன, கோட்டை போன்ற முகப்போடு ராணுவச் சிறை வந்தது. லால் பஜார் வளர்ந்தது. பங்களாக்களுக்குக் கிராக்கி கூடியது, வாடகையும். ஆனால் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு வாடகை கேட்க முடியாதபடி 1902இலும் 1923இலும் சட்டங்கள் வந்தன. அதிகாரிக்கு வீடு வேண்டுமென்றால் ராணுவம் அதைக் கட்டாயக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மண் சொந்தமில்லை, வீட்டில் யார் குடியிருப்பது என்பதும் கையில் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் நம் ஆட்கள் வாங்கினார்கள். பங்களா வைத்திருப்பதில் ஒரு கௌரவம் இருந்தது.

அளக்க உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. கருங்கல் அஸ்திவாரம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். நடுக்கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டித் தட்டி இறுக்கியது. வராந்தாவுக்கு மங்களூர் ஓடு. கூடத்துச் சுவரின் உச்சியில் சூடான காற்று வெளியேறச் சின்ன ஜன்னல்கள். விட்டத்தில் பங்கா தொங்கிய கொக்கி. சில வீடுகளில் சர்ச்சில் தூங்கிய அறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1896இல் கோல்கொண்டா கோப்பைக்குப் போலோ ஆட அவர் ஐதராபாத் வந்தது உண்மை. ஆனால் எனக்குக் காட்டிய அத்தனை அறைகளிலும் தூங்கியிருந்தால் குதிரை ஏற நேரம் கிடைத்திருக்காது. அந்த அறைக்கென்று நான் ஒரு பைசா கூட்டுவதில்லை.

அரசாங்கம் வீட்டைத் திரும்ப எடுத்து நஷ்டஈடு என்று வந்தால் அனுமதி பெற்ற கட்டடத்துக்கு மட்டும்தான் மதிப்பு. 1970களில் பாட்டிக்கு முட்டிவலி என்று படுக்கையறையோடு சேர்த்துக் கட்டிய குளியலறைக்கு வரைபட அனுமதி இல்லையென்றால் அது கணக்கில் பூஜ்யம். ஒரு வீட்டில் அந்தக் குளியலறைதான் ஒழுகாமல் இருந்த ஒரே இடம்.

மண்ணை விற்க முடியாது என்ற விதியால்தான் திருமுல்கேரியின் மரங்கள் பிழைத்தன என்று பேப்பரில் எழுதுகிறார்கள். பாதி சரி. மனையைத் துண்டு போட்டு விற்க முடியாததால் அடுக்குமாடிகள் உள்ளே வரவில்லை. ஆனால் அதே விதிதான் கூரைகளைக் கொன்றது. மண் அடமானமில்லாமல் வங்கி கடன் தராது. பெரிய ரிப்பேருக்கு அனுமதி கேட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் அமெரிக்காவிலும் சென்னையிலும் இருந்தால் யார் ஓடு மாற்றுவது? கடைசியில் தேக்குச் சட்டங்கள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. சில சமயம் என் கணக்கைவிட மரக்கடைக்காரர் கணக்கு அதிகமாக வருகிறது, ஏனென்றால் அவர் இடிபாட்டுக்கு விலை சொல்கிறார், தேய்மானம் கழிப்பதில்லை.

2023க்குப் பிறகு கன்டோன்மென்ட்டின் குடிமைப் பகுதிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு நடக்கிறது. சொந்தக்காரர்கள் காத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். காத்திருங்கள், ஆனால் முனிசிபாலிட்டி மாறினால் மண்ணின் சொந்தக்காரரும் மாறிவிடுவார் என்று நினைத்து அட்வான்ஸ் வாங்காதீர்கள் என்கிறேன். மழைக்கு முன்னால் வராந்தா ஓட்டுக்கு அனுமதி கேட்டு ஒரு மனு போடச் சொல்லி, அதன் நகலையும் என் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.