மூலிகைச் சாறு எப்போது புற்றுநோய் மருந்தாகிறது?

புற்றுநோய் உயிரணுக்களை ஒரு மூலிகையின் சாறு அழித்ததாக ஆய்வுகூடங்களிலிருந்து வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. மஞ்சள், வேம்பு, முள் சீத்தா எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் பல பொய்யான செய்திகள் அல்ல. ஆனால் அவை உண்மையில் எதை நிரூபிக்கின்றன என்பது தெரியாத நிலையில், நோயாளி ஒருவர் சிகிச்சையைக் கைவிட்டு இலைக் கஷாயத்தை மட்டும் நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

சோதனையின் அடிப்படை எளிமையானது. இலை, வேர் அல்லது பட்டையை உலர்த்திப் பொடியாக்கி, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். தட்டுகளில் வளர்க்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்களின் மீது அதனை வெவ்வேறு செறிவுகளில் இடுகிறார்கள். பின்னர் மஞ்சள் நிற வேதிப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. உயிருள்ள அணுக்கள் அதனை ஊதா நிறமாக மாற்றும். ஊதா எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு அணுக்கள் செயலிழந்ததாகக் கணக்கு.

இங்கே கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி, எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பது. அணுக்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க மில்லிலிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவாகவோ போதுமானால்தான் அச்சாறு கவனத்துக்குரியது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். சில நூறு மைக்ரோகிராம் தேவைப்படும் சாறுகளும் ‘புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் கொண்டவை’ என்று வெளியிடப்படுவதுண்டு. தட்டில் உள்ள அணுக்களைக் கொல்லச் சவர்க்கார நீரே போதும். புற்றணுக்களைக் கொல்லும் அளவில் இயல்பான அணுக்கள் பிழைக்கின்றனவா என்பதே கடினமான கேள்வி.

அதையும் கடந்தால், அப்பொருள் உடலுக்குள் சென்று கட்டியை அடைய வேண்டும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தட்டில் பலவகைப் புற்றணுக்களைத் தடுக்கிறது. ஆனால் உட்கொண்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது, விரைவில் சிதைந்தும் விடுகிறது. 120க்கும் மேற்பட்ட மருத்துவ சோதனைகள் நடந்திருந்தும், போலி மருந்துடன் ஒப்பிட்டு முறையாக நடத்தப்பட்ட எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று 2017ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆய்வுரை ஒன்று சுட்டிக்காட்டியது.

பட்டிப்பூவின் பாதை

இத்தனை தடைகளையும் தாண்டிய செடிகளும் உண்டு. வீட்டு முற்றங்களிலும் இடுகாடுகளிலும் பூக்கும் நித்திய கல்யாணி அவற்றுள் ஒன்று. பட்டிப்பூ என்றும் இதனை அழைப்பர். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலைகள் 1952ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு இந்த இலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு அருந்தும் வழக்கம் இருந்தது.

மேற்கு ஒன்றாரியோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபிள் அதனைச் சோதித்தார். வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் இரத்தச் சர்க்கரையில் மாற்றமில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றுக்கு உள்ளாகி இறந்தன. அவற்றின் வெள்ளை அணுக்கள் பெருமளவு குறைந்திருந்தன. நீரிழிவு மருந்தைத் தேடியவர்களுக்கு இது தோல்வியே. ஆனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இதுவே தடயமாயிற்று. நோபிளும் சார்ள்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தனியாக இதே செடியை ஆராய்ந்த அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனத்தில் வின்கிரிஸ்டின் கண்டறியப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிய இழைகள் உருவாகின்றன. இவ்விரு மருந்துகளும் அந்த இழைகள் உருவாவதைத் தடுக்கின்றன. பிரிய முடியாத அணு மடிகிறது. பிற மருந்துகளுடன் சேர்த்து வின்கிரிஸ்டின் கொடுக்கப்படுவதால், ஒரு காலத்தில் பெரும்பாலும் மரணத்தில் முடிந்த குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோயிலிருந்து இன்று வளர்ந்த நாடுகளில் சுமார் 90 சதவீதத்தினர் பிழைக்கின்றனர்.

வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல், நாளத்தின் வழியாக மட்டுமே செலுத்தப்படுகிறது. அளவு மிகுந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். தவறுதலாக முதுகுத்தண்டுத் திரவத்தில் செலுத்தினால் பெரும்பாலும் உயிரே போய்விடும். ஒரு கைப்பிடி இலையில் இந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதோ செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும்.

‘இயற்கையானது, எனவே பாதுகாப்பானது’ என்ற எண்ணத்துக்கு முள் சீத்தாவும் ஒத்துழைப்பதில்லை. கரீபியத் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே, பார்க்கின்சன் நோயை ஒத்த நரம்புக் கோளாறு மிகுந்திருப்பதை 1999ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

அரிதான வெற்றி

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960க்கும் 1982க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாவரச் சாறுகளைச் சோதித்தது. அவற்றிலிருந்து நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்ந்தவை ஒரு சிலவே. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த டாக்ஸால் அவற்றுள் புகழ்பெற்றது. அம்மரப்பட்டை முதன்முதலாகச் சேகரிக்கப்பட்டது 1962இல். மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1992இல்.

கண்டறிந்த பின்னும் பொருளைப் பெறுவது எளிதல்ல. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோகிராம் உலர்ந்த இலை தேவை. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் விவசாயிகள் நித்திய கல்யாணியைப் பயிரிட்டு, மருந்து நிறுவனங்களுக்காக இலையையும் வேரையும் விற்று வருகின்றனர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மரபணு மாற்றம் செய்யப்பட்ட ஈஸ்டைக் கொண்டு வின்பிளாஸ்டினின் மூலப்பொருள்கள் இரண்டையும் உருவாக்க முடியும் என்று 2022ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் காட்டினர்.