எங்கள் பத்மினியில் பாட்டு வந்த கதை

மலர்க்குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு குறையுது, நீ மரக்காணத்துக்காரன்தானே, ஏதாவது எழுதிக்கொடுப்பா" என்றார். அவர் எதிர்பார்த்தது என்னவென்று தெரியும். பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகள், சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்ற ஆராய்ச்சி, இப்படி. அதற்கெல்லாம் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் மின்னியல் படித்தவன். எனக்குத் தெரிந்த வரலாறு எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற 1984 மாடல் பிரீமியர் பத்மினியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஓடும் காரில் பாட்டுக் கேட்பது இன்று பெரிய விஷயமே இல்லை. ஆரம்பத்தில் அது பெரும்பாடு. அமெரிக்காவில் 1920-களிலேயே சிலர் முயன்றார்கள். அது வால்வு காலம். வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அன்றைய காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. ஆகவே ரேடியோவுக்கென்று தனி பேட்டரிகளைத் தரைப்பலகைக்கு அடியில் அடுக்கினார்கள். அது போதாதென்று ஸ்பார்க் பிளக்கின் இரைச்சல் முழுவதும் ஸ்பீக்கரில் கேட்டது. 1930-ல் பால் கால்வின் என்பவர் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே ஸ்டால் கிடையாது. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாட வைத்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. ஐரோப்பாவில் 1932-ல் பிளாபுங்க்ட் செய்த செட்டும் முதலில் ஏறியது ஒரு ஸ்டூடிபேக்கரில்தான். எடை சுமார் 15 கிலோ! 1955-ல் பில்கோவும் கிரைஸ்லரும் சேர்ந்து முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த உயர் வோல்ட் தொல்லை ஒழிந்தது. பிலிப்ஸின் கேசட் 1963-ல் வெளிவந்தது. 1968-ல் காருக்குள் நுழைந்தது. 1984-ல், அதாவது எங்கள் பத்மினி பிறந்த அதே வருஷம், சி.டி. பிளேயரே காரில் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பத்மினிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

நம் நாட்டில் அந்த நாளில் கார் கிடைப்பதே பெரிசு. பம்பாய் குர்லாவில் செய்த பியட் 1100, 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. உத்தர்பாராவில் அம்பாசடர். நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாங்குபவர் வருஷக்கணக்கில் காத்திருப்பார். கார் கையில் வந்த பிறகு, பாட்டு வேண்டுமென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். ரேடியோ வைத்திருந்தால் போஸ்டாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும்; அந்த வழக்கம் 1980-களில்தான் முழுவதுமாக ஒழிந்தது. இங்கிலாந்து வடிவத்தில் வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அது தெரியாமல் நெகட்டிவ் எர்த் ரேடியோவை மாட்டி எரித்தவர்கள் கதை தனியாக ஒரு மலருக்கு வரும்.

எங்கள் பத்மினியை அப்பா 1992-ல் இரண்டாம் கையாக வாங்கினார். உப்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது கௌரவத்துக்கு வாங்கிய வண்டி அல்ல, பாத்திக்கும் திண்டிவனத்துக்கும் அலைய வாங்கிய வண்டி. அதில் ஏற்கெனவே ஒரு மீடியம் வேவ் ரேடியோ, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே ஒரு ஸ்பீக்கர். 1967-ல் தொடங்கிய புதுச்சேரி வானொலி நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இரைச்சலே இருக்காது. அப்பா இளவட்டமாக இருந்தபோது இந்தக் கரையில் இலங்கை வானொலிதான் ராஜா. "உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்கும்டா" என்பார். அது சும்மா பெருமை இல்லை. மீடியம் வேவ் அலை தரையைவிட உப்புத் தண்ணீரின்மேல் தேய்மானம் குறைவாக ஓடும். உப்பு நீர் நல்ல மின்கடத்தி. கொழும்பிலிருந்து மரக்காணத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள், வடக்கே நேராக வரும், பாதிக்கு மேல் கடல்தான்.

பாட்டைக் கொண்டுவந்து கொடுத்த அதே உப்புதான் ஒயரைத் தின்றது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு ஒயரும் இரும்புத் தகடும் சேருமிடத்தில் அந்த ஈரம் உட்கார்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரேடியோ கரகரத்து, ஒரு நாள் ஓய்ந்துவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தானே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவார்.

2011-ல் வேலை கிடைத்து, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு புது ஸ்டீரியோவும் நாலு ஸ்பீக்கரும் வாங்கினேன். பெட்டியில் 200 வாட் என்று கொட்டை எழுத்து. செட்டின் பின்னால் இருந்த பியூஸோ 10 ஆம்பியர். 12 வோல்ட்டால் பெருக்கினால் 120 வாட். மீதி 80 வாட் எங்கிருந்து வரும்? இதைக் கண்டுபிடித்த பெருமையில், மெக்கானிக் எதற்கு, நானே மாட்டுகிறேன் என்று இறங்கினேன்.

நிறங்கள் தெரியும். மஞ்சள் நேராக பேட்டரிக்கு. நினைவகத்துக்கு எப்போதும் கரண்ட் வேண்டும். சிவப்பு சாவிக்கு. கறுப்பு எர்த். வெள்ளையும் சாம்பலும் முன்பக்கம் இடது வலது, பச்சையும் ஊதாவும் பின்பக்கம். எல்லாம் சரி. பழைய ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர்தான் போயிருந்தது; மறுமுனை பாடியில் திருகப்பட்டிருந்தது. ஒயர் மிச்சம் என்று நானும் நாலு ஸ்பீக்கரின் மறுமுனையையும் பாடியிலேயே திருகினேன். சாவியைத் திருப்பினேன். 'டப்' என்றது. மூன்று மாத மிச்சம் அத்தோடு போயிற்று. அப்பா காருக்குள்தான் உட்கார்ந்திருந்தார், பாட்டு கேட்க.

மரக்காணத்தில் லாரி ஒயரிங் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். பத்தாவது தாண்டாதவர். பார்த்ததும் சொன்னார்: "தம்பி, அது அந்தக் காலத்து ரேடியோ, ஒத்தைக் காலு. இது ரெட்டைக் காலு. ரெண்டு ஒயரும் வேலை செய்யும். ஒண்ணைப் போய் பாடியில கட்டிட்டியே." நாலு வருஷம் நான் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஒற்றை ஆம்பிளிபயரால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட்டுக்குமேல் கொடுப்பது கஷ்டம். ஆகவே இரண்டு ஆம்பிளிபயரை எதிரெதிராக வைத்து, ஒன்று தள்ள மற்றது இழுக்கும்படி செய்கிறார்கள். ஏறக்குறைய நாலு மடங்கு கிடைக்கும். ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். ஒன்றைப் பாடியில் கட்டினால் நேர் ஷார்ட். பரீட்சையில் இந்தச் சர்க்யூட்டை வரைந்து மார்க் வாங்கியவன் நான்!

அவர் அத்தோடு விடவில்லை. பானெட்டைத் திறந்து என் மஞ்சள் ஒயரைத் தொட்டுக் காட்டினார். இன்ஜின் பக்கத் தகட்டில் ஓட்டை வழியாக ரப்பர் வளையம் போடாமல் இழுத்திருந்தேன். சில நாள் அதிர்விலேயே தகடு உறையை அறுத்திருந்தது; உள்ளே செம்பு மின்னியது. செட்டுக்குப் பின்னால் பியூஸ் இருக்கிறதே என்று பேட்டரி பக்கத்தில் நான் பியூஸ் போடவில்லை. நடுவில் ஷார்ட் ஆனால் அந்தப் பியூஸ் எப்படிக் காப்பாற்றும்? "அக்கா குழந்தையை ஏத்திக்கிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போற வண்டி இது" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் முழுக்க அவர் கூட நின்றேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை ஒயர். பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் பியூஸ். ஓட்டைக்கு ரப்பர் வளையம். எர்த்துக்குப் பெயிண்டைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ஈயம் பூசிய லக், பல் வாஷர், மேலே வாசலின். கூலியாக ஒரு டீயும் நூறு ரூபாயும். புது செட் வாங்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்கு அப்பா பாதிப் பணம் போட்டார்.

பத்மினி உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எங்களுடையது இன்னும் ஓடுகிறது, உப்பளம் வரைக்கும். வருஷாவருஷம் பொங்கல் லீவில், பாத்தி கட்டும் வேலை ஆரம்பிக்கும் முன், அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி வாசலின் பூசுவது என் வேலை. இந்தப் பொங்கலுக்கு அக்கா மகள்தான் சுரண்டினாள். பிளஸ் டூ படிக்கிறாள், நம் கல்லூரிக்குத்தான் விண்ணப்பம் போடப்போகிறாளாம். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.