தொட்டால் பேசும் படம்

படங்களில் வெட்டி ஒட்டி அழகு பார்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படங்களாக வீடு வீடாக வந்தார்கள். வந்த படத்தை அப்படியே மாட்டிவிட நம் பாட்டிமார்களுக்கு மனம் வராது. புடவைக்குப் பட்டுத்துணி, கரைக்கு ஜரிகை, நகைக்குச் சம்கி என்று ஒட்டிய பிறகுதான் கண்ணாடி போடுவார்கள். காஞ்சிபுரத்தில் ஜரிகைத் துண்டுக்குப் பஞ்சமா என்ன! பாரிஸில் 1912இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தின் மேல் காகிதமும் துணியும் ஒட்டியபோது அதற்குக் கொலாஜ் என்று பெயர் வந்தது. பிரெஞ்சு மொழியில் ஒட்டுவது என்று பொருள். நம் பாட்டிகள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் என் பேத்தி, "தாத்தா, உங்க சின்ன வயசை ஒரு படமா ஒட்டலாம், தொட்டா பேசற மாதிரி" என்றாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். ஸ்கிராட்ச் என்று ஒரு மென்பொருள், அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தார் 2007இல் குழந்தைகளுக்காக வெளியிட்டது, காசு கிடையாது. கணினி மொழி தெரிய வேண்டாம். 'இந்த உருவத்தைத் தொட்டால்' என்று ஒரு கட்டை, 'இந்த ஒலி எழும்பட்டும்' என்று இன்னொரு கட்டை. இரண்டையும் திரையில் இழுத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது. அந்தக் காலத்து மரக்கட்டை விளையாட்டு மாதிரிதான்.

பட்டியல் போட்டோம். வரதராஜர் கோயில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி முதலில். அப்பா தூக்கிப் பிடிக்க, எம்பித் தொட்டவர்கள்தானே நாம் எல்லோரும்! வைகாசி கருட சேவைக் குடையைத் தொட்டால் நாகஸ்வரம். வால்வு ரேடியோவைத் தொட்டால் ஒரு கரகரப்பு, பிறகு இலங்கை வானொலி மாதிரி நானே பேசியது. அனந்தசரஸ் குளத்தைத் தொட்டால் அத்திவரதர் வெளிவந்த 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றாக வரும். 1979இல் எனக்கு 22 வயது, அது எப்படிக் குழந்தைப் பருவம் என்று பேத்தி கேட்டாள். குளத்தை விடமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து தறி. அதன் ஒலி இல்லாமல் எங்கள் தெருவே இல்லை. பதிவு செய்யப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், 40 வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர்.

அங்கே தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கிய அட்டைகளைப் பேத்தி விடாமல் பார்த்தாள். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை என்று நண்பர் சொன்னதும், "அப்போ ஓட்டைன்னா 1, இல்லேன்னா 0" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் செய்த ஏற்பாடு இது. 1839இல் சுமார் 24,000 அட்டைகளை வைத்து அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தவர் இங்கிலாந்துக்காரர் சார்லஸ் பாபேஜ். கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் இப்படி ஓட்டை அட்டையையே கொடுக்கலாம் என்று திட்டம் போட்டவர். கம்ப்யூட்டரின் வம்சத்தில் தறியும் ஒரு பாட்டன்.

ஜக்கார்டு வருவதற்கு முன் இங்கே 'அடை' முறை. டிசைன் முழுவதும் நூல் முடிச்சுகளாகக் கட்டித் தொங்கும். வரிசைப்படி முடிச்சை இழுத்தால் பாவு தூக்கி, மாங்காயோ அன்னமோ விழும். இழுப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கோர்வைக் கரைக்கும் அப்படித்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொரு கை தேவை. பெரும்பாலும் அது சின்னக் கை.

நண்பர் எட்டு வயதில் கோர்வை போட உட்கார்ந்தவர். முதலில் சொந்த வீட்டில். பிறகு அவர் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக வேறொருவர் தறியில். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவில் சிறுவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் நடத்தும் தொழிலுக்கு விலக்கு தந்தது. நம் ஊரில் தறி இருந்ததே வீட்டுக்குள்தான்! 2003இல்கூட, பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பட்டின் பெருமை பேசும் நம் ஊர்க் கட்டுரைகளில் இது அதிகம் வருவதில்லை.

ஒலியைப் பதிவு செய்து முடித்ததும் நண்பர் கேட்டார்: "தம்பி, தறிச் சத்தம் உங்களுக்குச் சங்கீதம். எனக்கு அப்படி இல்லை. அந்தப் பையனையும் போடுவீங்களா?"

போட வேண்டும்தான். ஆனால் கோர்வைப் பையனாக அவரைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. அவரிடம் இருந்த முதல் புகைப்படம் கல்யாணத்துக்கு எடுத்தது. இணையத்தில் யாரோ ஒரு பையன் படத்தை எடுத்து ஒட்டலாம் என்றாள் பேத்தி. எனக்குச் சம்மதமில்லை, அவருக்கும் இல்லை. கடைசியில் தறிக்குழியின் ஓரத்தில் அவர் உட்கார்ந்த பலகையை மட்டும் எடுத்து ஒட்டினோம். தறியைத் தொட்டால் தறிச் சத்தம் வரும். பலகையைத் தொட்டால் சத்தம் நின்று அவர் குரல் வரும். விடிவதற்கு முன் எழுப்பியது, பள்ளிக்கூட மணி தறிக்குழிக்குக் கேட்டது, தூங்கி விழுந்தால் நாடாவாலேயே ஒரு தட்டு. ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்கு மேல் பேச அவர் விரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினோம். பேரன் பேத்திகள் பல்லியைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள். பலகையை அவர் மனைவி மூன்று தடவை தொட்டுக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. குடலை இட்லிக்கு மட்டும் என்ன ஒலி வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.