ஏடு பெயர்த்தவனுக்கு என்ன உரிமை?

நான் குலசேகரன்பட்டினத்து உப்புக் காற்றிலே வளர்ந்தவன். என் முன்னோரின் வரலாற்றை எழுதிவைக்க விரும்பிப் பழைய திருநெல்வேலிச் சீமையின் குடிமதிப்பு அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். ஊரும் வட்டமும், ஆணும் பெண்ணும் எண்களாக நின்றன. என் பாட்டனார் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அச்சேறியது தொகையே ஒழியப் பெயர்ப்பட்டியல் அன்று.

ஏமாற்றத்தை ஆற்றிக்கொள்ள, அந்தப் பட்டியல்களைப் பல மாதம் உழைத்துப் பெயர்த்தெழுதி, உறவினர்க்கும் ஊராருக்கும் வழங்கினேன். ஓராண்டு கழித்து மற்றொருவர் அவற்றையே தம் பெயரில் அச்சிட்டார். நான் தவறாக எழுதிய ஓர் எண்கூட அப்படியே அதில் இருந்தது! சினத்தோடு ஒரு வழக்கறிஞரிடம் சென்றேன். அவர் நகைத்து, “இதில் உமக்கே சொந்தமானது அந்தப் பிழை ஒன்றுதான்” என்றார். அவர் கூறிய விளக்கத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நூலாசிரியர்க்கு உரிமை வழங்கிய முதற் சட்டம் இங்கிலாந்தில் ஆனி அரசியார் காலத்தில் 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1914ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இன்றுள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுந்தது. இதன்படி அரசாங்க நூல்களுக்கும் உரிமை உண்டு. முதலில் 50 ஆண்டுகளாக இருந்த அக்காலம், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆண்டுகளாயிற்று. நூல் வெளிவந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதனைக் கணக்கிட வேண்டும். 1955இல் வெளிவந்த அரசாங்க அறிக்கை ஒன்றைக் கொள்வோம். அதன் உரிமை 2015ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கும். எனவே 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பைப் பற்றி அக்காலத்தில் அச்சான அறிக்கைகளும், 1905இல் ஜேம்ஸ் ஹார்னெல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கையும் இன்று அனைவர்க்கும் பொது.

அப்படியாயின் என் உழைப்பு என்னாயிற்று? உழைப்பு மட்டும் உரிமை தாராது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைபேசிப் பெயர்ப்பட்டியல் வழக்கில் இதையே உரைத்தது. 2007இல் நம் உச்ச நீதிமன்றமும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகத்தாரின் வழக்கில், திறனும் தேர்ந்த அறிவும் சிறிதேனும் கலந்த பகுதிக்கே உரிமை உண்டு என்றது. ஆகவே எண்கள் என்னுடையன அல்ல; நான் எழுதிய முன்னுரையும் விளக்கக் குறிப்புகளும் என்னுடையன. அவற்றை அம்மனிதர் தொடவில்லை, வழக்கும் இல்லை.

பதிப்புரிமை வேறு, மறைபொருள் காத்தல் வேறு என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இங்கிலாந்தில் வீடுதோறும் எழுதப்பெற்ற குடிமதிப்பு ஏடுகள் 100 ஆண்டு மூடிவைக்கப்படும். 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல்தான் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் அது 72 ஆண்டு. நம் 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டமோ, கணக்கெடுப்பார் எழுதிய ஏடுகளைப் பிறர் பார்வையிட இடங்கொடுக்கவில்லை. மக்கள் அஞ்சாமல் உண்மை கூற வேண்டுமன்றோ! உயிரோடிருப்போரின் குறிப்புகளை நாமும் அவர் இசைவின்றிப் பரப்புதல் தகாது.

நம் முன்னோர் பனையோலையில் நூல்களைப் பெயர்த்தெழுதினர். பலர் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தனர். ஆயினும் நூலைத் தமதென்று சொல்லவில்லை. சட்டம் பிறவாத நாளிலேயே அவர்கள் கண்ட நெறி அது. நானும் என் பிழையைத் திருத்தி, மூல அறிக்கையின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் முகப்பில் எழுதி, அப்பட்டியலை மீண்டும் ஊராருக்கு வழங்கினேன். கடைசிப் பக்கத்தில், ‘பெயர்த்தெழுதியவன்’ என்று மட்டும் கையெழுத்திட்டேன்.