மெத்தடோன்: போதைக்குப் பதில் போதையா?

ஹெராயினுக்கு அடிமையானவருக்கு இன்னொரு ஓபியாய்டு மருந்தைத் தினமும் கொடுப்பதா? சாராயத்தை நிறுத்தச் சொல்லிட்டு பிராந்தி ஊத்திக் கொடுக்கிற மாதிரிதானே இது! மெத்தடோன் பற்றி முதலில் படித்தபோது எனக்கு இப்படித்தான் தோன்றியது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

மெத்தடோன் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வலிநிவாரணியாக உருவானது. உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அப்போது நிலைமை மோசம். 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்தைக் காட்டி, போதைக்கு அடிமையானவருக்கு ஓபியாய்டு எழுதிக்கொடுத்த டாக்டர்களையே பிடித்து உள்ளே போட்டார்கள்.

நியூயார்க்கில் மேரி நைஸ்வாண்டர் என்றொரு மனநல மருத்துவர். போதைப் பழக்கத்துக்கென்றே இருந்த லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பழக்கத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினாலும் பெரும்பாலானோர் மறுபடி அதற்கே திரும்புவதைக் கண்டவர். 1964இல் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் வின்சென்ட் டோல், மேரி ஜீன் கிரீக் ஆகியோருடன் இவரும் சேர்ந்தார்.

முதலில் இரண்டு நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது என்று காத்துக்கிடந்தார்கள். பிறகு மெத்தடோனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்றார்!

காரணம் எளிமையானது. ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், உடம்பு மறுபடி கேட்கும். வாய்வழியாகக் கொடுக்கும் மெத்தடோன் மெல்ல ஏறி, ஒரு நாளுக்குத் தாங்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் கிறக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. மேலே ஹெராயின் போட்டாலும் பெரிதாக ஏறாது.

1965இல் 22 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளியானது. டோல் அடிப்படையில் வளர்சிதைமாற்ற ஆய்வாளர். அதனால் இதைச் சர்க்கரை நோய்க்கான இன்சுலினோடு ஒப்பிட்டார். நோய் அடியோடு போகாது, ஆனால் மனுஷன் வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். அதனால்தான் பல நாடுகளில் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனாலும் மெத்தடோன் எடுப்பவரிடம், 'இதை எப்போ நிறுத்தப் போறீங்க?' என்றுதான் ஊர் கேட்கிறது. இன்சுலின் போடுகிறவரிடம் நாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.