அட்டவணைக்குள் ஒரு புதிய விருந்தாளி

ரெட்டியார்பாளையத்தில் உள்ள ஒரு மளிகைக் கடையின் சரக்குப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அரிசிக்கு ரகமும் எடையும் குறிக்கவேண்டும். மின்விளக்குக்கோ வாட்டும் உத்தரவாதக் காலமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையில் கட்டம் போட்டால், பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

1970-இல் எட்கார் காட் வகுத்த அட்டவணை முறையின் இயல்பு இது. கட்டங்களை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். 2001-இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு அறிமுகப்படுத்திய ஜேசன் என்னும் எழுத்துமுறையில் ஒவ்வொரு விவரமும் தன் பெயரைத் தானே சுமந்து வருகிறது. இணையத்தில் இம்முறை விரைவாகப் பரவியது. 2009-இல் வெளிவந்த மாங்கோடிபி போன்ற தரவுத்தளங்கள் அட்டவணையையே கைவிட்டன.

அட்டவணையின் ஒழுங்கும் ஜேசனின் நெகிழ்வும் ஒரே இடத்தில் கிடைக்குமா? போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளம் இதற்கு விடை தேடியது. 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய திட்டத்தின் வழிவந்தது அது. புதிய தரவு வகைகளுக்கு இடமளிப்பது அதன் பிறவிக் குணம். 2012 செப்டம்பரில் வந்த 9.2 பதிப்பில் ஜேசன் தனி வகையாயிற்று. எனினும் அது எழுத்தை அப்படியே சேமித்ததால், ஒரு விவரத்தைத் தேடும்போதெல்லாம் முழுவதையும் படித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆகவே, முன்கூட்டியே பிரித்து வைக்கும் ஜேசன்பி என்ற இரும வடிவத்தை ஒலெக் பார்த்துனோவ், தியோதர் சிகாயெவ், ஆண்ட்ரூ டன்ஸ்டன் முதலியோர் உருவாக்கினர்.

2014 ஆகஸ்டில், சோதனைக் கட்டத்தில், ஒரு சிக்கல் வெளிப்பட்டது. புதிய வடிவம் சுருங்க மறுத்தது! காரணம் யாது? ஒவ்வோர் உறுப்பும் முடியும் இடத்தை அது தொடக்கத்திலேயே குறித்து வைத்தது. 5, 10, 15 என ஏறிச்செல்லும் எண்களில் திரும்ப வருவது ஏதுமில்லை. சுருக்கும் நிரலோ முதல் 1,024 பைட்டுகளில் மறுபடி வருவது எதுவும் தென்படாவிட்டால் முயற்சியையே விட்டுவிடும்.

பதிப்பு வெளியாகிவிட்டால் கோடிக்கணக்கான பதிவுகள் அவ்வடிவிலேயே தங்கிவிடும். பிறகு மாற்றுவது அரிது. எனவே வெளியீடு தள்ளிப்போயிற்று. முடியும் இடத்துக்குப் பதிலாக நீளத்தைக் குறித்தனர்: 5, 5, 5 என்றால் எளிதில் சுருங்கும் அல்லவா? ஆனால் நீளங்களைக் கூட்டிக்கொண்டே போனால் தேடல் மெதுவாகும். அதனால் 32 உறுப்புகளுக்கு ஒருமுறை மட்டும் இடத்தையே குறித்தனர். சோதித்து வந்தவர்கள் தம் தரவுகளை மீண்டும் ஏற்ற நேர்ந்தது. 2014 டிசம்பர் 18 அன்று 9.4 பதிப்பு வெளிவந்தது.

நம் மளிகைக் கடைக்கு வருவோம். விலையும் இருப்பும் எல்லாச் சரக்குக்கும் உண்டு. அவை கட்டங்களிலேயே இருக்கட்டும். ரகம், வாட்டு போன்றவற்றை ஜேசன்பியில் இடலாம்.