மின்விசையில் பிறந்த பண்

கடல் கடந்து வாழும் தமிழர்க்குத் தாயகத்தின் இசை உற்ற துணையாகும். வண்டூரில் வாழும் நமக்கு எண்பதுகளில் அத்துணை ஒலிநாடா வடிவில் கப்பலேறி வந்தது. அதில் கேட்ட நரம்பும் குழலும் மனிதர் மீட்டியவை, ஊதியவை என்றே நம்மில் பலர் எண்ணினோம். அவற்றுட் சில மின்விசையில் பிறந்தவை!

சிந்தசைசர் எனும் அக்கருவிக்குத் தந்தியில்லை, தோலில்லை, துளையுமில்லை. மின்னோட்டத்தின் அதிர்வைக் கூட்டியும் குறைத்தும் வடிகட்டியும் ஒலியாக்குவதே அதன் தொழில். 1964-இல் அமெரிக்கரான இராபர்ட் மூக் சமைத்த கருவி, திருகுகளும் கம்பிகளும் நிறைந்த பேழையாக இருந்தது. 1983-இல் சப்பானின் யமாகா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ். 7, 61 கட்டைகளோடு ஒருவர் சுமந்து செல்லத்தக்கதாய் அமைந்தது. ஒரே வேளையில் 16 சுரங்களை ஒலித்தது. பல நிறுவனங்களின் கருவிகள் தம்முள் உரையாட வழிசெய்த 'மிடி' முறையும் அவ்வாண்டிலேயே வந்தது.

மின்னிசை நம் நாட்டிற்கு அன்று முற்றும் புதிதன்று. 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் மகுடியாக ஒலித்தது கிளாவியோலின் என்னும் மின்கருவியே. வாசித்தவர், பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி. பாம்பு மயங்கிற்றோ அறியோம்; மக்கள் மயங்கினர். 1982-இல் சரண்ஜித் சிங் பத்து இராகங்களைச் சிந்தசைசரில் இசைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதனைப் போற்றினார் அரியர். 2010-இல் மறுபதிப்பு வந்தபின்னரே உலகம் வியந்தது.

தமிழில் இக்கருவியைச் செவ்வனே ஆண்டவர் இளையராசா. 1976-இல் 'அன்னக்கிளி'யில் நாட்டுப்புற மணம் பரப்பிய அவரே, 1986-இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் மின்னிசையை முன்னிறுத்தினார். அவர்தம் குழுவில் கட்டை வாசித்த விஜி மானுவேலின் விரல்களை இசைவாணர் இன்றும் பாராட்டுவர். புதுக்கருவி வந்ததென்று வயலினையும் புல்லாங்குழலையும் இளையராசா வெளியேற்றினாரல்லர். அவற்றின் அருகே இதற்கும் ஓர் இருக்கை அளித்தார். அவருடைய பெருமை அதுவே என்பேன்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. பின்வந்த காலத்தில், பலர் கூடி வாசித்ததை ஒருவரே கட்டைகளில் வாசித்து முடிக்கலாயினர். வரிசையாக அமர்ந்து வில்லிழுத்தோர் பலருக்கு அழைப்புக் குறைந்தது. பாட்டைச் சுவைத்த நாம் அவர்களை நினைத்தோமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலையாளத் திரையிசையில் பணியாற்றிய ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் பசியாறியது. ஒன்பது வயதில் தந்தையை இழந்த மகன், இளமையிலேயே இளையராசாவின் குழுவில் கட்டை வாசிக்கச் சென்றான். 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது நாடு அவனை ஏ.ஆர். ரகுமான் என்று அறிந்தது.